எழும்பி நிற்கும் பலம்: நோய்த்தணிப்புப் பராமரிப்பில் முதியவர்களுக்கான உடற்பயிற்சி

பெரிய வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு பேச்சு தொடங்கிவிடும்: "நீங்கள் பேசாமல் படுங்கோ அம்மா, நான் எடுத்துத் தாறன்." முதலில் தண்ணீர் கட்டிலுக்கு வரும். பிறகு சாப்பாட்டுத் தட்டு வரும். கடைசியில் பெட்பானும் வந்துவிடும். பல வீடுகளில் நோய் அந்தக் கட்டத்துக்கு வந்திருக்காது. படுத்தே கிடந்ததில் கால்கள்தான் முந்திக்கொண்டிருக்கும்.

2007இல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், பெரிய நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ போய்விட்டது, பெரும்பாலும் தசை. சுகமாக இருந்தவர்களுக்கே இப்படியென்றால், சாப்பாடு இறங்காத, புற்றுநோயோ இதயப் பலவீனமோ உள்ள 75 வயதுக்காரருக்கு ஒரு வாரம் வாட்டில் கிடந்தாலே என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு, அதாவது பலியேட்டிவ் கெயார் என்றதும் "இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான நோய் ஒருவருக்கு வந்துவிட்டால், நோவு, மூச்சு வாங்கல், களைப்பு, மனக்கவலை இவற்றைக் குறைத்து, அவரும் குடும்பமும் இயன்றவரை நன்றாக வாழச் செய்வதே இந்தப் பராமரிப்பு. கீமோ நடக்கும்போதே, டயாலிசிஸ் போகும்போதே இதையும் தொடங்கலாம். புற்றுநோயுடன் இதயப் பலவீனம், நாட்பட்ட சுவாசநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பார்கின்சன், மறதிநோய் எல்லாம் இதற்குள் அடங்கும்.

இதில் உடற்பயிற்சிக்கு என்ன வேலை? நோயை அது மாற்றாது. நோர்வேயில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், குணமாக்க முடியாத நிலையிலிருந்த 231 புற்றுநோயாளிகள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை பயிற்சி செய்தது. மற்றக் குழுவோடு ஒப்பிட்டால் களைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. நடக்கும் திறனிலும் கைப்பிடிப் பலத்திலும் வந்தது. எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொள்வதே நல்லது. "நடந்தால் களைப்புப் பறந்துவிடும்" என்று வாக்குக் கொடுத்தால், களைப்பு போகாத அன்றைக்கே அப்பா எல்லாவற்றையும் விட்டுவிடுவார். "பாத்ரூமுக்கு நீங்களே போய் வருகிற பலத்தைக் காப்பாற்றப் பார்ப்போம்" என்பது உண்மையான வாக்கு.

ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள்

தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த வேலையை நீங்களே செய்ய விருப்பம்?" என்பது. "எத்தனை நிமிடம் நடக்க முடியும்?" என்பது பிறகு. ஒருவருக்கு மேசையில் இருந்து எல்லோரோடும் சோறு சாப்பிட வேண்டும். இன்னொருவருக்குச் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் அரை மணித்தியாலம் இருக்க வேண்டும். வேறொருவருக்கு மகள் கழுவிவிடாமல் தானே கழுவ வேண்டும், அவ்வளவுதான். இந்த மூன்றாவது ஆசையை வெட்கத்தில் பலர் சொல்லவே மாட்டார்கள். நீங்களாக மெதுவாகக் கேளுங்கள்.

வேலை தெரிந்துவிட்டால் பயிற்சி தானாக அமையும். கோயிலுக்குப் போவதை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தை ஃபிளாட்டில் கட்டிலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை அடி, வானில் ஏறக் கால் எவ்வளவு உயர வேண்டும், முதுகு சாயாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று பிரித்துப் பாருங்கள். எழும்புதல், பத்து மீற்றர் நடத்தல், ஒரு படி ஏறுதல், நிமிர்ந்து இருத்தல் என நான்கு சிறு வேலைகள் கிடைக்கும். அந்த நான்கையும் பழகினால் போதும். கோயிலில் நடக்க வேண்டியதில்லை, சக்கரக் கதிரையில் போகலாம். பலத்தை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்ற கணக்கும் பயிற்சியில் சேர்ந்ததுதான். குளித்த கையோடு நடை வேண்டாம். விருந்தினர் வருகிற நாளில் காலைப் பயிற்சியைப் பாதியாக்குங்கள்.

எவ்வளவு செய்வது

பூச்சியத்திலிருந்து பத்து வரை ஓர் அளவுகோலை மனதில் வையுங்கள். பூச்சியம் என்றால் ஒரு கஷ்டமும் இல்லை, பத்து என்றால் இதற்கு மேல் ஏலாது. சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோலின் எளிய வடிவம் இது. பயிற்சி மூன்றில் இருக்கட்டும், நான்கைத் தாண்ட வேண்டாம். செய்துகொண்டே ஒரு முழு வசனம் பேச முடிந்தால் அளவு சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு எடுத்தால் கூடிவிட்டது.

ஒரே மூச்சில் அரை மணித்தியாலம் என்பதை மறந்துவிடுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தரம் போதும். முடித்துப் பத்து நிமிடத்துக்குள் மூச்சு பழைய நிலைக்கு வர வேண்டும். இரண்டு மணித்தியாலம் கழித்தும் அடித்துப் போட்டதுபோல் கிடந்தாலோ, அடுத்த நாள் காலை வழமையை விடக் களைப்பாக இருந்தாலோ, அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்தத் தேவையில்லை.

வீடுகளில் மிக அதிகமாக நடக்கும் பிழை நல்ல நாளில்தான் வரும். ஒரு காலை உற்சாகமாக எழும்புவார், பிள்ளைகளும் சந்தோஷத்தில் மரீன் டிரைவ் வரை கூட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மூன்று நாளும் கட்டில்தான். "உடற்பயிற்சி ஒத்துவரவில்லை" என்று பிறகு முடிவு கட்டுவார்கள். ஒத்துவராதது அளவு. நல்ல நாளிலும் திட்டமிட்டதையே செய்து, கெட்ட நாளில் பாதியாவது செய்பவர்களிடம்தான் பலம் தங்குகிறது.

நேரமும் முக்கியம். விரைவாக வேலை செய்யும் மோர்ஃபின் எடுப்பவர்களுக்கு, வேளை மருந்து எடுத்து 30 முதல் 60 நிமிடத்தில் நோவு நன்றாகத் தணிந்திருக்கும். பயிற்சியை அப்போது வையுங்கள். பயிற்சிக்காக மேலதிக வேளை கொடுக்கலாமா என்பதை டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், உங்கள் எண்ணத்துக்குக் கொடுக்க வேண்டாம். சுவாசநோய்க்காரர் சல்பியூட்டமோல் பம்ப் பாவிப்பவரானால், பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னர் இழுக்கலாமா என்று கேளுங்கள். பார்கின்சன் உள்ளவருக்கு லெவோடோபா மருந்து பிடித்து உடம்பு இளகும் நேரம் எது என்று வீட்டாருக்கே தெரியும். அதுதான் அவருடைய நேரம். கொழும்பு வெயிலில் பகல் பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே வெளி நடை வேண்டாம். புழுக்கத்தில் வியர்வை காயாது, உடல் வெப்பம் இறங்காது, இதயத்துக்குத்தான் மேலதிக வேலை.

கதிரையிலிருந்து எழும்புதல்

ஒரேயொரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கட்டில், கொமோட், வான் எல்லாவற்றுக்கும் இதே அசைவுதான்.

கதிரையை முதலில் பாருங்கள். இருக்கும்போது இடுப்பு முழங்காலை விடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இருக்கை உயரம் 45 சென்ரிமீற்றர் அளவில் சரியாக வரும். பலவீனமானவருக்கு ஐந்து சென்ரிமீற்றர் கூட்டலாம். உயரம் கூட்ட மடித்த போர்வை நல்லது. அமிழ்ந்து போகும் பஞ்சு மெத்தை எழும்புவதை இன்னும் கஷ்டமாக்கும். சோபாவும் அதே காரணத்தால் ஆகாது. எல்லா வீட்டிலும் இருக்கும் பிளாஸ்டிக் கதிரை தைல்ஸ் தரையில் வழுக்கிப் பின்னால் போகும். பின்பக்கத்தைச் சுவரோடு முட்ட வைத்துப் பாவியுங்கள். கைப்பிடி கட்டாயம் வேண்டும்.

இருக்கையின் முன் விளிம்புக்கு நகர்ந்து வரட்டும். பாதங்களைப் பின்னால் இழுத்து, குதிக்கால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வரும்படி வையுங்கள், இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. கைகள் கைப்பிடியில். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி எழும்ப வேண்டும். நின்றதும் மூன்று எண்ணுங்கள். இருக்கும்போது மடேரென்று விழாமல், கதிரை பின்காலில் தட்டுப்பட்ட பிறகு மெதுவாக இறங்க வேண்டும். தசைக்கு உண்மையான வேலை இந்த இறக்கத்தில்தான்.

வசதியாக ஆறு தரம் செய்ய முடிந்தால், பயிற்சியை மூன்றில் தொடங்குங்கள். காலை, பகல், மாலை. மூன்று நான்கு நாள் பிரச்சினை இல்லாவிட்டால் ஒன்றைக் கூட்டலாம். ஒரு தரம்கூட எழும்ப முடியாதவர் முன்னால் சாய்ந்து இருக்கையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் தூக்கி இறங்கட்டும். அதுவும் பயிற்சிதான்.

எழும்ப முடியாமல் பின்னால் சரிகிறாரா? பெரும்பாலும் பாதங்கள் முன்னால் நீட்டியிருக்கும், அல்லது விழுவோமென்ற பயத்தில் முன்னால் சாய மறுப்பார். எழும்பியதும் தலை சுற்றினால், மூச்சை அடக்கிக்கொண்டு முக்கியிருக்கலாம்; சத்தமாக எண்ணச் சொன்னால் மூச்சை அடக்க முடியாது. உதவி செய்கிறோமென்று கையைப் பிடித்தோ, அக்குளுக்குள் கை கொடுத்தோ தூக்க வேண்டாம். முதியவரின் தோள்மூட்டு கழன்றுவிடக்கூடும், உங்கள் முதுகும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று, ஒரு கை முதுகின் கீழ்ப்பகுதியில், மற்றக் கை அவருடைய கைக்குக் கீழே தாங்கலாக.

ஒரு விசயம் அடிக்கடி தவறவிடப்படுகிறது. டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் மாத்திரையைச் சில வாரங்கள் எடுத்தவர்களுக்குத் தொடைத் தசை குறிப்பாகப் பலவீனமாகும். நடப்பார், ஆனால் கதிரையிலிருந்து எழும்ப மாட்டார். நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் கலங்குவார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்துவது ஆபத்து. ஆனால் இந்த மாற்றத்தை டொக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வழி இருக்கலாம்.

கட்டிலில் செய்யக்கூடியவை

கட்டிலை விட்டு இறங்காதவருக்கு, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது பத்துத் தரம், விழித்திருக்கும் போது மணித்தியாலத்துக்கு ஒரு முறை. முழங்காலை மடித்துக் குதிக்காலைப் படுக்கையில் இழுத்து நீட்டுவது ஐந்து தரம். இரண்டு முழங்காலையும் மடித்து இடுப்பைச் சற்றுத் தூக்குவது மூன்று தரம். பெட்ஷீட் மாற்றவும் உள்ளாடை மாற்றவும் இந்த அசைவு பெரிய உதவி. முதுகெலும்பில் புற்றுநோய் பரவியவர் டொக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. கைகளுக்கு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அரைக் கிலோ எடை. அதுவும் பாரமென்றால் வெறும் கையே போதும்.

படுக்கையிலிருந்து நேராக எழும்பி உட்காரக் கூடாது. ஒரு பக்கம் புரண்டு, கால்களைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழும்பட்டும். விளிம்பில் ஒன்றிரண்டு நிமிடம் இருந்து, கணுக்காலை ஆட்டி, பிறகு நிற்கட்டும். நின்றும் பத்து எண்ணிய பிறகே முதல் அடி. பிரஷர் மாத்திரை, மோர்ஃபின், போதிய தண்ணீர் குடியாமை மூன்றும் சேர்ந்தால் எழும்பியதும் குருதி அமுக்கம் சடாரென்று இறங்கும். இரவு பாத்ரூம் போகும் வழியில் விழுபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

நடையும் மூச்சும்

நடைபாதையில் பாதித் தூரத்தில் ஒரு கதிரை போடுங்கள். "வேண்டுமென்றால் இருக்கலாம்" என்ற நம்பிக்கை இருந்தாலே நடக்கும் தூரம் கூடும். கைத்தடியின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு வரை. பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். தடியின் றப்பர் மூடி தேய்ந்து வழவழப்பானால் ஈரத் தைல்ஸில் அது ஆளையே விழுத்தும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். சிறுநீர்க் குழாய் போட்டவரென்றால் நடக்குமுன் பையை வெறுமையாக்கி, சிறுநீர்ப்பையை விடத் தாழ்வாகப் பிடியுங்கள்.

மூச்சு வாங்கினால் பதறாமல் நிறுத்தி, மேசையிலோ கைத்தடியிலோ முன்கைகளை ஊன்றி முன்னால் சாயட்டும். மூக்கால் இரண்டு எண்ணும் வரை உள்ளே, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை வெளியே. கையில் பிடிக்கும் சிறிய பற்றரி ஃபானை முகத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் தூரத்தில், மூக்குக்கும் மேல் உதட்டுக்கும் காற்றுப் படும்படி பிடியுங்கள். முகத்தில் குளிர்காற்றுப் படுவது மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஒட்சிசன் இயந்திரம் இல்லாத வீட்டிலும் இது கையில் இருக்க வேண்டும், கரண்ட் போகும் நேரத்தில் இன்னும்.

எப்போது வேண்டாம்

காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல், நெஞ்சு நோ, இருக்கும்போதே மூச்சுத்திணறல், புதிதாக ஒரு கால் மட்டும் வீங்கிச் சுடுதல் (இரத்தக்கட்டியாக இருக்கலாம்), இவற்றில் எது இருந்தாலும் பயிற்சி இல்லை, டொக்டர்தான். இதயப் பலவீனம் உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால் உடம்பில் தண்ணீர் சேர்கிறது, அப்போதும் அப்படியே. கீமோவுக்குப் பிறகு குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) 20,000க்குக் கீழே போனால் பாரம் தூக்கும் பயிற்சியெல்லாம் நிற்க வேண்டும். ரிப்போர்ட்டைக் காட்டி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவருக்கு இரத்தச் சீனி 100 mg/dLக்குக் கீழே இருந்தால் முதலில் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள், அன்று பயிற்சி வேண்டாம்.

எலும்பில் பரவிய புற்றுநோய்க்குத் தனிக் கவனம் தேவை. தொடை எலும்பிலோ இடுப்பிலோ காலை ஊன்றும்போது மட்டும் புதிதாக நோவு வந்தால், அந்த எலும்பு உடையப் போகிறது என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். நடையை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். புதிய முதுகு நோவோடு கால்கள் மரத்தோ பலமிழந்தோ போனால், சிறுநீர் அடைத்தால், முள்ளந்தண்டு வடம் நெரிபடுவதாக இருக்கலாம். அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, அசைக்காமல் படுக்க வைத்து, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேரத்துக்குச் சிகிச்சை தொடங்கினால் கால்களைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு.

விழுவதைத் தடுக்க வீட்டில் செய்யும் வேலைகளில் பாதி பாத்ரூமில்தான். குளித்த ஈரத்தை உடனே துடையுங்கள். சுவரில் கைபிடி பூட்டுங்கள். துவாய் கொழுவும் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது. உள்பக்கம் திறக்கும் கதவென்றால், அவர் கதவோடு விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது. கொண்டியைக் கழற்றி, கதவைச் சற்றுத் திறந்தே வைத்து, ஒரு திரை போடலாம். கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். சாரத்தின் நுனியும் ஹவுஸ்கோட்டின் கரையும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். விரலிடுக்கில் மாட்டும் றப்பர் செருப்புக்குப் பதில் பின்பட்டி உள்ள செருப்பு நல்லது.

மறதிநோய் உள்ளவருக்கு "காலைத் தூக்குங்கோ, பத்து எண்ணுங்கோ" என்பது வேலைக்காகாது. காய்ந்த உடுப்பை மடிக்கக் கொடுங்கள், கறிவேப்பிலை உருவக் கொடுங்கள், அவருக்குப் பிடித்த பழைய பாட்டைப் போட்டு எதிரே நின்று நீங்கள் ஆடுங்கள். பார்த்துச் செய்வார்.

நோய் முற்றி, நாளின் பெரும்பகுதியும் தூக்கத்தில் போகத் தொடங்கும்போது பயிற்சியின் நோக்கம் மாறும். பலம் சேர்ப்பது நின்று, மூட்டுகள் இறுகாமலும் தோல் புண்ணாகாமலும் பார்ப்பது தொடங்கும். தோள், முழங்கை, முழங்கால், கணுக்கால் ஒவ்வொன்றையும் நீங்கள் தாங்கிப் பிடித்து, நாளுக்கு ஒன்றிரண்டு வேளை, மூன்று நான்கு தரம் மெதுவாக அசைத்துவிடுங்கள். முகம் சுளித்தால் அத்தோடு நிறுத்துங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றுவது வழக்கம். குதிக்கால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. புரட்டுவது நோவென்றால் இடைவெளியைக் கூட்டலாம். இந்தக் கட்டத்தில் "கொஞ்சம் நடக்கப் பாருங்கோ" என்று வற்புறுத்துவது கொடுமை. சாப்பிடாததால் பலம் போகிறது, நடக்காததால் போகிறது என்று உறவினர் சொல்வார்கள். இங்கே உடம்பே ஓய்கிறது, யாருடைய சோம்பலும் காரணமில்லை.

உதவி எடுக்க

கொழும்பில் தேசிய வைத்தியசாலை, களுபோவில, மகரகம அபேக்ஷா போன்ற அரச ஆஸ்பத்திரிகளில் இயன்மருத்துவர்கள் (பிசியோதெரபிஸ்ட்) இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. கிளினிக்கில் டொக்டரிடம் "பிசியோதெரபிக்கு எழுதித் தாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். நெரிசலில் அவர்களாக எழுத மறக்கலாம். போகும்போது கடைசி ஸ்கான், இரத்த ரிப்போர்ட், மருந்துப் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். எந்த எலும்பில் பரவியிருக்கிறது என்று தெரியாமல் நல்ல இயன்மருத்துவர் பாரம் ஏற்ற மாட்டார். விளக்கம் சிங்களத்தில் நடந்தால், அனுமதி கேட்டு, நோயாளி செய்யும்போதே ஃபோனில் வீடியோ எடுங்கள். வீட்டில் பார்ப்பவர் மாறினாலும் அசைவு மாறாது. வீட்டுக்கு வரும் தனியார் இயன்மருத்துவரை வைத்துக்கொள்வதானால், இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டா என்று பாருங்கள். முதல் நாளே ஒன்று கேளுங்கள்: "என்ன நடந்தால் நாங்கள் நிறுத்த வேண்டும்?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாமல் மசாஜிலேயே நேரம் போக்குகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.